முகம் எடுத்தல்: புதிதாகக் கேமரா பிடிப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

மாப்பிள்ளையூரணிப் பக்கத்து நண்பர்கள் ஏழெட்டுப் பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கப் போகிறோம், வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரிடம் கைமாறி வந்த பழைய டிஜிட்டல் கேமரா, மற்றவர்களிடம் போன். எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: மனுசங்களை எடுக்கணும். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள், வெள்ளப்பட்டி, தருவைகுளம் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருப்பவர்கள், சங்குகுளிக்கப் போய் வயசாகி வீட்டோடு இருக்கும் பெரியவர்கள். 'உழைப்பின் முகங்கள்' என்று ஒரு கண்காட்சி வைப்பதாகவும் திட்டம். ரெண்டு வார்த்தை நாலு ஞாயிற்றுக்கிழமையாக நீண்டது. அங்கே பேசியதும், பேசப்போய் எனக்கே தெளிவானதும்தான் இக்குறிப்புகள். தொழில்நுட்பத்தைத் தனியாகவும் அரசியலைத் தனியாகவும் பிரித்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. எத்தனை அடி தள்ளி நிற்பது என்ற கேள்விக்குப் பதில் எழுத ஆரம்பித்தால் மூக்கை அளந்த வெள்ளைக்காரர் ஒருவர் குறுக்கே வந்து நிற்கிறார். அவரிடமிருந்தே தொடங்குவோம்.

1. தர்ஸ்டனின் பெட்டி

தென்னிந்தியாவில் ஆட்களை நிறுத்திவைத்துப் படம் எடுத்த வரலாற்றைப் பேசும் எவரும் எட்கர் தர்ஸ்டனைத் தாண்டிப் போக முடியாது. 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலை நம்மில் பலர் ஏதாவது ஒரு கட்டுரைக்காகப் புரட்டியிருப்போம். நம் கடற்கரையோடும் அவருக்கு உறவு உண்டு. அந்த ஏழு தொகுதிகளுக்கு வெகு முன்னால், 1890இல், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு, கடலுயிர்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். சிப்பியை எண்ணி வகை பிரித்த அதே கைதான் பின்னால் மனிதர்களை எண்ணி வகை பிரித்தது.

ஊர் ஊராகப் போன அவர் பெட்டியில் அளவெடுக்கும் கருவிகளும் கேமராவும் சேர்ந்தே இருந்தன. மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியெண். 1901 கணக்கெடுப்பின் ஆணையரான ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆகச் சாதியின் சமூகத் தகுதி இறங்குகிறது என்று ஒரு விதியே கண்டுபிடித்து வைத்திருந்தார். இந்த 'அறிவியலுக்கு'ச் சாட்சியாகத்தான் நம் ஆட்கள் நேராகவும் பக்கவாட்டிலும் நிறுத்தப்பட்டார்கள். வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களில் நல்ல உருவங்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்கப் போகிறார் என்று பயந்ததைத் தர்ஸ்டனே வேடிக்கைபோல எழுதுகிறார். இன்று வாசிக்கும்போது அதில் வேடிக்கை ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் புரிந்துகொண்டது கிட்டத்தட்டச் சரி. தோலை உரிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் படங்களின் இலக்கணம் என்ன? படத்தின் கீழே ஆளின் பெயர் இருக்காது, சாதியின் பெயர் இருக்கும். நிற்கும் விதத்தை நிற்பவர் தீர்மானிக்கவில்லை. எடுத்த படம் அவர் கைக்கு வராது. நம் நண்பர்கள் தங்கள் கண்காட்சிக்கு எழுதி வைத்திருந்த முதல் தலைப்பு, 'உப்பளத் தொழிலாளி, மாப்பிள்ளையூரணி'. சாதி இருந்த இடத்தில் தொழில் வந்திருக்கிறது. மிச்சமெல்லாம் அப்படியே இருக்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு மரபும் அதே காலத்தில் வளர்ந்தது: ஸ்டூடியோ. அங்கே போகிறவர் காசு கொடுக்கிறார். நல்ல வேட்டி கட்டிக்கொண்டு, ஸ்டூடியோக்காரரின் கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, பவுடர் பூசி, திரையில் வரைந்த மாளிகைக்கு முன்னால் கைக்கடிகாரம் தெரிகிற மாதிரி உட்காருகிறார். மாலி நாட்டில், பமாகோ நகரத்தில், 1948இலிருந்து 1962 வரை ஸ்டூடியோ நடத்திய செய்து கெய்தாவும் வந்தவர்களுக்குக் கடிகாரம், ரேடியோ, கோட்டு எல்லாம் இரவல் கொடுத்துத்தான் எடுத்தார். இதையெல்லாம் போலி என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஓர் உரிமை இருந்தது. 'நல்லா விழலையே தம்பி, இன்னொண்ணு எடு' என்று சொல்லலாம். தர்ஸ்டனுக்கு முன்னால் நின்றவர் அப்படிச் சொல்ல முடியாது.

நாம் எடுக்கப்போகிறவர்கள் நமக்குக் காசு தரப்போவதில்லை. காசு தராதவருக்கும் அந்த 'இன்னொண்ணு எடு'வைச் சொல்லும் இடத்தை உண்டாக்குவதுதான் நம் வேலை. கீழே வரும் தொழில் விஷயங்களை இதை மனதில் வைத்து வாசிக்கவும்.

2. தூரம்

புதிதாக எடுப்பவர்கள் செய்யும் முதல் தப்பு, போனை முகத்துக்கு ஓரடி தூரத்தில் நீட்டுவது. படத்தில் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிப்போயிருக்கும். எடுத்தவர் லென்ஸைக் குறை சொல்வார். எடுக்கப்பட்டவர் தன் மூக்கையே குறை சொல்லிக்கொள்வார். காரணம் இரண்டும் கிடையாது, தூரம்தான்.

கணக்குச் சின்னது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் ஐந்து அங்குலம். கேமரா மூக்கிலிருந்து 12 அங்குலத்தில் இருந்தால் காது 17 அங்குலத்தில் இருக்கிறது. அருகில் இருப்பது பெரிதாக விழும். ஆகவே காதோடு ஒப்பிட மூக்கு ஏறக்குறைய 40 சதவீதம் பெரிதாகிறது. அதே ஆளை ஆறடியில், அதாவது 72 அங்குலத்தில் நின்று எடுத்தால் காது 77இல். வித்தியாசம் ஏழு சதவீதம். நாம் ஒருவரோடு நின்று பேசும்போது பார்த்துப் பழகிய முகம் இதுதான். மூக்கை வைத்து மனிதர்களைத் தரம் பிரித்த ஒரு நாட்டில், அகல லென்ஸோடு முகத்தருகே போவது ஒன்றும் அறியாத தவறாகாது.

ஆகவே ஐந்து, ஆறு அடி தள்ளி நில்லுங்கள். போன் என்றால் 2x என்று காட்டும் லென்ஸைப் பயன்படுத்துங்கள். கேமரா என்றால் 50 மி.மீ.யிலிருந்து 85 மி.மீ. வரை உள்ள லென்ஸ் போதும். விலை குறைந்த பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க ஆள் படம் எடுத்தவர்கள் உண்டு. நேர்மாறாக, இருபதடி தள்ளி மறைந்து நின்று பெரிய ஜூமால் இழுத்து எடுப்பதும் வேண்டாம். முகம் நேராக விழும். ஆனால் அவருக்குத் தெரியாது. அது வேட்டைக்காரன் நிற்கும் இடம். ஆறடி என்பது சாதாரணக் குரலில் பேசினால் கேட்கிற தூரம். இயல்பான முகம் விழும் தூரமும் பேச்சுக் கேட்கும் தூரமும் ஒன்றாக இருப்பது நமக்கு வசதி.

ஃபோகஸ், கேமராவுக்கு அருகில் இருக்கிற கண்ணில் இருக்கட்டும். கண் தெளிவாக இருந்தால் மற்றவை கொஞ்சம் மங்கினாலும் படம் நிற்கும். ஷட்டர் வேகம் 125இல் ஒரு பங்கு வினாடிக்குக் குறைய வேண்டாம். பேசுகிற முகம் அசைந்துகொண்டே இருக்கும். துவாரம் எஃப் 4 அல்லது 5.6. எஃப் 1.8இல் எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறுகண் மங்கலாகவும் விழுந்து, பார்க்கிறவருக்கு லென்ஸின் விலைதான் ஞாபகம் வரும்.

3. உப்பும் தோலும்

நம் ஊரில் ஆள் படம் எடுப்பவருக்கு வேறெங்கும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு: உப்பு அம்பாரம். பளீரென்ற வெள்ளைக்கு முன்னால் வெயிலில் கறுத்த ஒரு முகம். படத்தில் உப்பு சாம்பல் நிறமாகவும், முகம் கண்ணும் மூக்கும் இல்லாத மசிப் பொட்டாகவும் விழுகிறது. நண்பர்கள் முதல் வாரம் எடுத்துவந்த படங்களில் பாதி அப்படித்தான். 'அளத்து ஆட்களின் வலி தெரியுது' என்று ஒரு தம்பி சொன்னான். வலி தெரியவில்லை. ஆளே தெரியவில்லை.

கேமராவின் மீட்டருக்கு உப்பும் தெரியாது, முகமும் தெரியாது. சட்டத்துக்குள் வருகிற எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்து, அது நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு வருகிற மாதிரி வெளிச்சத்தை வைத்துக்கொள்ளும். சட்டத்தில் உப்பு நிறைய இருந்தால், 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்' என்று குறைத்துவிடும். முகம் இருட்டாகும். அப்போது நீங்கள் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டவேண்டும். போனில், திரையிலுள்ள முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே இழுங்கள். உப்பு வெளுத்துப் போகட்டும். உப்பின் விவரத்தை யாரும் தேடப்போவதில்லை.

இதன் மறுபக்கம் பலருக்கும் தெரிவதில்லை. கறுத்த முகம் சட்டம் முழுக்க நிறைந்திருந்தால் மீட்டர் எதிர்த்திசையில் பொய் சொல்லும். 'இருட்டாக இருக்கிறதே' என்று கூட்டிவிடும். முகம் வெளிறிச் சாம்பல் பூசின மாதிரி ஆகும். அப்போது அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறைக்கவேண்டும். ஆக, கறுப்பை முதல் பொய் மசியாக்குகிறது, இரண்டாவது பொய் வெளுப்பாக்குகிறது. கறுப்பைக் கறுப்பாக, அதன் பளபளப்போடும் மடிப்போடும் நிழலோடும் எடுக்க நாம்தான் மீட்டரோடு சண்டை போட வேண்டும்.

இந்தப் பொய்க்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் அச்சகங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் கம்பெனி ஒரு படத்தை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அந்த அட்டைக்கு 'ஷெர்லி' என்றே பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் உலகம் சரியாக விழுந்ததாக அர்த்தம். கறுப்பின மக்களின் முகங்கள் விவரமில்லாமல் விழுவதைக் கம்பெனி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும், எங்கள் பழுப்பு நிறங்கள் வித்தியாசம் தெரியாமல் விழுகின்றன என்று புகார் சொன்ன பிறகுதான் ஃபிலிம் திருந்தத் தொடங்கியது. மேசைக்குக் கிடைத்த மரியாதை மனிதனுக்குக் கிடைக்கவில்லை. இன்றைய போன்களில் முகத்தைத் தானாக வெளுத்து, வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கிறது. படம் எடுக்கும் முன் அதை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் ஷெர்லி உங்கள் போனுக்குள் இருக்கிறாள்.

இனி வெளிச்சம். உச்சி வெயில் புருவத்துக்குக் கீழே குழியைத் தோண்டி, கண்ணைப் புதைத்துவிடும். நிழலுக்குப் போங்கள். கீற்றுக் கொட்டகையின் ஓரத்திலிருந்து மூன்றடி உள்ளே ஆளை உட்காரவைத்து, வெளியே பார்க்கச் சொல்லுங்கள். திறந்த வானத்தின் மெல்லிய வெளிச்சம் முகத்தில் விழும், பின்னால் கொட்டகையின் இருட்டு இருக்கும். கண்மணியில் சின்னதாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அது இருந்தால் முகத்துக்கு உயிர் வந்துவிடும். வீட்டு வாசல்படியும் இதே வேலையைச் செய்யும். இதற்கு மின்விளக்கு எதுவும் தேவையில்லை.

உப்பையே வேலைக்காரனாக்கவும் முடியும். ஆளை அம்பாரத்துக்கு முன்னால் நிறுத்தாமல், அம்பாரத்தைப் பார்க்க நிறுத்துங்கள். சூரியன் அவர் முதுகுப்பக்கம், உப்பு அவர் முகத்துக்கு எதிரே. ஸ்டூடியோக்களில் பிரதிபலிப்பான் என்று காசு கொடுத்து வாங்குகிற வெள்ளைத் துணியின் வேலையை, பத்தடி உயர உப்பு இனாமாகச் செய்யும். ஆனால் ஒன்று. இந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்தே கண் கெட்டுப்போனவர்கள் அவர்கள். உப்பின் கூச்சம் உப்பளத் தொழிலாளருக்கு வாழ்நாள் நோய். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொல்லி, உடனே எடுங்கள். இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். நல்ல படத்துக்காக அவர் கண்ணில் நீர் வந்தால், அந்தக் கண்ணீரை உழைப்பின் துயரம் என்று எழுதுகிற கவிஞர்கள் நம்மிடையே உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. உயரம், பின்புலம், நேரம்

குனிந்து வாருபலகை பிடித்திருப்பவரை நின்ற வாக்கில் மேலிருந்து எடுத்தால் தலையும் முதுகும் விழும், முகம் விழாது. அது கங்காணி பார்க்கும் கோணம். தரையில் படுத்துக்கொண்டு கீழிருந்து எடுத்தால் ஆள் வானத்தில் முட்டும் சிலை ஆவார். அது மாநாட்டுச் சுவரொட்டியின் கோணம். இரண்டிலும் எதிரே ஓர் ஆள் இல்லை. அவர் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் கேமரா இருக்கட்டும். அவர் தரையில் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள். நாற்காலி கொண்டுவந்து போட்டு 'நீங்க உக்காருங்க சார்' என்பார்கள். வாங்கி அவரை உட்காரவைத்துவிட்டு நீங்கள் குத்தவைத்துக்கொள்ளலாம்.

பின்புலத்தை மங்கலாக்கும் வசதி எல்லாப் போனிலும் இருக்கிறது. புதியவர்கள் எல்லாப் படத்திலும் அதைப் போட்டுவிடுகிறார்கள். பின்னால் இருக்கும் பாத்தியை அழித்தால் இடமற்ற, வேலையற்ற ஒரு 'மனிதமுகம்' கிடைக்கும். எல்லாவற்றையும் கூர்மையாகக் காட்டினால் வேலைக்கு விளக்கப்படமாக ஓர் ஆள் கிடைப்பார். எது வேண்டும் என்பதைப் படத்துக்குப் படம் யோசித்துத் தீர்மானியுங்கள், போனைத் தீர்மானிக்க விடாதீர்கள். எப்படியானாலும் தலைக்குப் பின்னாலிருந்து மின்கம்பம் முளைக்காமல், கொடிக்கயிறு கழுத்தை அறுக்காமல், அடிவானம் காதுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரடி நகர்ந்தால் போதும்.

நேரத்தைப் பற்றிப் புத்தகங்கள் சொல்வது: சூரியன் உதித்த ஒரு மணி நேரமும், மறையும் முன் ஒரு மணி நேரமும் நல்லது. அளத்து வேலைக்காரர்கள் இருட்டோடு போய் வெயில் ஏறும் முன் வேலையை முடிக்கப் பார்க்கிறவர்கள். உங்களுக்கு நல்ல வெளிச்சம் இருக்கும் அந்தக் காலை நேரம் அவர்களுக்குக் கூலி நேரம். 'ஒரு நிமிசம் நில்லுங்கக்கா' என்று நிறுத்தும் நிமிஷத்துக்கு யாரோ கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள். மழை மாதங்களில் உப்பு வாருவது நின்றுவிடும், பேச நேரம் இருக்கும். ஆனால் அப்போது கையில் காசு இருக்காது என்பதையும் தெரிந்து போங்கள்.

5. உட்காரவைத்துப் பேசுவது

எனக்குப் பாடம் சொன்னது ஒரு பெரியம்மா. நாற்பது வருஷம் உப்புச் சுமந்தவர். உப்பரித்த பாதங்களை எடுக்கவேண்டும் என்று போயிருந்தேன். வெடித்த காலைப் பக்கத்தில் போய் எடுத்தேன், கையை எடுத்தேன், திரையில் காட்டினேன். 'எல்லாஞ் சரி, எம் மூஞ்சி எங்கய்யா?' என்றார். பிறகு, 'செத்த இரு' என்று உள்ளே போனவர் மகள் கல்யாணத்துக்கு எடுத்த நீலப் பட்டைக் கட்டி, பூ வைத்து வந்து, டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு உள்ளூர ஏமாற்றம். உழைப்பு எல்லாம் போச்சே என்று. அந்த ஏமாற்றத்தைப் பற்றிப் பிற்பாடு வெகுநாள் யோசித்தேன். அவருடைய காலைப் பார்த்தவுடன் எனக்குக் கட்டுரை தெரிந்தது. அவருக்குத் தெரிந்தது, காலண்டரிலும் கல்யாண ஆல்பத்திலும் தான் எப்படி இருக்கவேண்டும் என்பது. இரண்டில் எது உண்மை என்று கேட்பது வீண். ஆனால் முகம் அவருடையது.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதல் படம் அவர் கேட்கிற படம். எந்தச் சேலை, எந்த இடம், யாரோடு, சிரிப்பா இறுக்கமா, எல்லாம் அவர் சொல்வது. எடுத்துக் காட்டி, பிடிக்கவில்லை என்றால் மறுபடி எடுப்பது. அது முடிந்த பின்னால், 'எனக்கு ஒண்ணு எடுத்துக்கிடட்டுமா?' என்று கேட்டு இரண்டாவது. இதில் ஒரு லாபமும் உண்டு. முதல் படம் முடிந்ததும் ஆள் தளர்ந்துவிடுவார். கேமராவுக்கென்று வைத்திருந்த முகம் இறங்கும். இரண்டாவது படம் பெரும்பாலும் நன்றாகவே விழும். ரொலான் பார்த், கேமரா முன்னால் நிற்கும்போது ஒருவர் தான் நினைக்கிற தானாகவும், மற்றவர் நினைக்கவேண்டுமென்று விரும்புகிற தானாகவும் ஒரே சமயத்தில் இருக்கிறார் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். பெரியம்மாவுக்கு இது பார்த்தை வாசிக்காமலே தெரிந்திருந்தது.

சில சின்ன விஷயங்கள். போனவுடன் கேமராவை எடுக்காதீர்கள். தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். எதைப் பற்றிப் பேசினால் அவர் கை அசைகிறது என்று பாருங்கள். பழைய சங்குகுளிக்காரரிடம் கஷ்டத்தைப் பற்றிக் கேட்டால் கேள்விப்பட்ட பதிலே வரும். பாருக்கு எப்படி அடையாளம் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள், கண் தூரத்துக்குப் போகும், கை கடலைக் காட்டும். 1961க்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதைக் கண்ணால் கண்டவர்கள் இனி மிகச் சிலரே இருக்கமுடியும். 'சிரிங்க', 'இயல்பா இருங்க' என்று சொல்லவேண்டாம். அந்த ஆணையைக் கேட்டு இயல்பாக இருந்தவர் எவரும் இல்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தால், அவர் தினமும் பிடிக்கிற ஒன்றைக் கொடுங்கள். வலை ஊசியோ, பேரப்பிள்ளையோ. ஒரே முகபாவத்தில் ஐம்பது படம் அடித்துத் தள்ளாதீர்கள். பத்து எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு பேச்சு இருக்கட்டும். பெண்களை எடுக்கப் போகும்போது குழுவில் ஒரு பெண்ணாவது இருப்பது நல்லது. வீட்டு ஆம்பிளை சம்மதித்தார் என்பது அந்தப் பெண்ணின் சம்மதம் ஆகாது.

6. யாருடைய படம்

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய். பல வருஷங்களுக்கு முன் ஓர் அக்காவைப் பாத்திக்குள் வைத்து எடுத்தேன். சம்மதம் கேட்டுத்தான் எடுத்தேன். நல்ல படம். கூலி உயர்வுக்கான ஒரு கூட்டத்தின் நோட்டீசில் அதைப் போட்டார்கள், நான்தான் கொடுத்தேன். நோட்டீஸ் அளத்துக்கு வந்தது. அவரை மூன்று வாரம் வேலைக்குக் கூப்பிடவில்லை. நான் விஷயம் தெரிந்து போனபோது அவர் என்னைத் திட்டவில்லை. 'சொல்லிட்டுப் போட்டிருந்தா நானே வேற சேலையில, வேற இடத்துல நின்னுருப்பேன்' என்றார். அவர் படம் எடுக்கத்தான் சம்மதித்தார். நோட்டீசுக்குச் சம்மதிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு சம்மதங்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அவருக்கு மூன்று வாரக் கூலி போயிருந்தது.

உலகத்தின் புகழ்பெற்ற ஆள் படங்களின் பின்னாலும் இதே கதைதான். 1936இல் கலிஃபோர்னியாவில், நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்து முடங்கிக் கிடந்த ஒரு தாயை டோரதியா லாங்கே எடுத்தார். பெயர் கேட்கவில்லை. 'புலம்பெயர்ந்த தாய்' என்று அந்தப் படம் பஞ்ச காலத்தின் முகமாகவே ஆகிப்போனது. 1978இல்தான் அந்தப் பெண், ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன், அது நான்தான் என்று பேசினார். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று வருத்தப்பட்டார். லாங்கே கெட்டவரில்லை. அரசாங்கத்தின் மனசாட்சியை அசைக்கவேண்டும் என்ற நல்ல எண்ணம் கொண்டவர். நம்மைப் போல.

மார்க் கராஞ்ஜே என்ற பிரெஞ்சுப் படைவீரருக்கு 1960இல் அல்ஜீரியாவில் ஓர் உத்தரவு: கிராமத்து ஆட்களை அடையாள அட்டைக்காகப் படம் எடு. பத்து நாட்களில் சுமார் இரண்டாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள். முகத்திரையைக் கழற்றச் சொன்னார்கள். மறுக்க முடியாது. அந்தப் பெண்கள் லென்ஸைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடையாள அட்டைக்கென்று எடுத்த படம் ஆக்கிரமிப்புக்கு எதிரான சாட்சியமாகிவிட்டது. உத்தரவு போட்டவன் அவர்கள் முகத்தைத் திறக்க முடிந்தது, பார்வையைத் திருத்த முடியவில்லை. கண்ணைச் சுளித்துக்கொண்டு உங்களைப் பார்க்கிற ஒரு படம் விழுந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். அது உங்களைப் பற்றிய விமர்சனமாக இருக்கலாம்.

நடைமுறையில் செய்யக்கூடியது: எடுக்கும்போது ஒரு தடவை கேளுங்கள், வெளியே போடும் முன் எங்கே போடுகிறோம் என்று சொல்லி மறுபடி கேளுங்கள். 'போட்டா அளத்துல யாராச்சும் பாப்பாங்களா?' என்ற கேள்வியை நீங்களே கேட்டுவிடுங்கள், அவர் கேட்கத் தயங்குவார். வேண்டாம் என்று பின்னால் சொன்னால் எடுத்துவிடுங்கள். பெயரைக் கேட்டு உங்கள் நோட்டில் எழுதுங்கள். படத்தின் கீழே போடுவதா என்பதை அவர் சொல்லட்டும். போராட்டத்தில் எடுத்த முகங்களை உடனே ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். தெளிவாக விழுந்த முகம் கலைக்கு எவ்வளவு நல்லதோ வழக்குக்கும் அவ்வளவு நல்லது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

7. கொடுத்துவிட்டு வருவது

2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். அவர்கள் முகங்களைச் சின்னச் சின்னச் சதுரங்களாக, வரிசையாக, ஃப்ளெக்ஸில்தான் நாம் பார்த்தோம். அந்த மாதிரிப் பலகைகளை உற்றுப் பாருங்கள். சாதாரணமாக நம் தெருவில் ஒருவர் தவறிப்போனால் கண்ணீர் அஞ்சலிக்கு என்ன படம் கிடைக்கிறது? ரேஷன் கார்டுக்கோ ஆதாருக்கோ எடுத்தது, அல்லது கல்யாணக் கூட்டத்தில் மூலையில் நின்றதை வெட்டி எடுத்தது. பாஸ்போர்ட் படத்தின் அளவு 35க்கு 45 மில்லிமீட்டர். அதை ஆறடிக்கு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். வாழ்நாள் முழுக்க அரசாங்கம் மட்டுமே அவரை நேருக்கு நேர் பார்த்துப் படம் எடுத்திருக்கிறது. சாவுக்கும் அந்தப் படம்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நான் போன ஒரு வீட்டில், ஆல்பம் தண்ணீரில் ஊறி ஒரே கட்டியாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஒட்டிக் காய்ந்த படங்களைப் பிய்த்தால் முகம் அடுத்த தாளோடு போய்விடும். நனைந்த ஆல்பத்தைக் காயவிடக் கூடாது. ஈரம் இருக்கும்போதே சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் மேலே இருக்க நிழலில் உலர்த்தவேண்டும். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு பிரிக்கலாம். அந்த வீட்டில் அதைச் சொல்லித்தர ஆள் இல்லை. நானும் இரண்டு நாள் பிந்திப் போனேன்.

ஆகவே எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். போனில் அனுப்பினேன் என்பது கொடுத்த கணக்கில் வராது, போன் மாறினால் படமும் போகும். 6க்கு 8 அங்குலத்தில் ஒன்று, பின்னால் பென்சிலில் பெயர், ஊர், தேதி. மூலக் கோப்பை, சுருக்காமல், இரண்டு இடத்தில் வைத்திருங்கள். வீட்டார் பத்து வருஷம் கழித்து வந்து கேட்டாலும் எடுத்துக்கொடுக்க முடிய வேண்டும்.

நண்பர்களின் கண்காட்சி இன்னும் நடக்கவில்லை. தலைப்பை மாற்றப் போவதாகச் சொன்னார்கள், என்னவென்று முடிவாகவில்லை. இதுவரை முப்பத்தொரு பேரை எடுத்திருக்கிறார்கள், பத்தொன்பது பேருக்குப் பிரிண்ட் கொடுத்தாயிற்று. மிச்சம் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்த பிறகுதான் அரங்கம் பார்க்கவேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். நீலப் பட்டுப் பெரியம்மாவின் படம் அவர் வீட்டு டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கிறது. போன மாதம் போனபோது, பக்கத்து வீட்டுக்காரியையும் எடுக்கவேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அவரும் சேலை மாற்றிக்கொண்டுதான் வந்தார்.